சர்வைவல் ஹாரர் கேமில் ஆடுபவரைக் கட்டிப்போடுவது எது?

நிலவறை

வணக்கம். நானும் என் நண்பர் ஒருவரும் ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய சர்வைவல் ஹாரர் கேமை, அதாவது குறைந்த வசதிகளோடு அச்சமூட்டும் சூழலில் உயிர்பிழைக்க வேண்டிய வீடியோ கேமை, உருவாக்கிவருகிறோம். கைவிடப்பட்ட ஓர் ஆராய்ச்சிக்கூடம், அதற்குள் சிக்கிக்கொண்ட ஒருத்தி, அவளைத் தேடி அலையும் ஓர் உருவம்: கதை இவ்வளவுதான். அந்த உருவத்தின் தோற்றத்துக்கும் ஒளியமைப்புக்கும் நிறைய உழைத்திருக்கிறோம். ஆயினும், ஆடிப் பார்த்தவர்கள் அனைவரிடமும் ஒரே போக்கைத்தான் காண்கிறேன். உருவம் முதல் முறை எதிர்ப்படும்போது திடுக்கிடுகிறார்கள். மூன்றாம் முறை எதிர்ப்படும்போது அதன் தோலில் இருக்கும் தழும்புகள் எவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்டிருக்கின்றன என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு அச்சம் திரும்பி வருவதே இல்லை.

இதற்கு மாறாக, 1996-இல் வெளிவந்த முதல் ரெசிடென்ட் ஈவிலை இன்று எடுத்து ஆடினாலும், அதன் கரடுமுரடான உருவங்களையும் செயற்கையான குரல்நடிப்பையும் மீறி, ஒரு நடைவழிக்குள் நுழையத் தயங்குகிறேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. ஜம்ப் ஸ்கேர்களை (திடீரென்று தோன்றித் திடுக்கிடவைக்கும் காட்சிகளை) எங்கெங்கே வைக்கலாம் என்று நான் கேட்கவில்லை. மணிக்கணக்கில் ஆடிய பிறகும் பிடி தளராமல் இருப்பதற்கு எது காரணம் என்று அறிய விரும்புகிறேன். நீங்கள் ஆடிய கேம்களில் எந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கருங்குயில்

நடைவழிக்குள் நுழையத் தயங்கியதாகச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் திரையில் எந்த ஆபத்தும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அங்கே ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த முடிவுக்கு விலை உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். இவ்வகைக் கேம்களின் பிடி முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அரக்கனைப் பார்க்கும் கணத்தில் அல்ல, அதற்கு முன்பாக, எதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் திறப்பது என்று யோசிக்கும் நேரத்தில்தான் அச்சம் குடியிருக்கிறது.

அந்த முடிவு கனமாக இருப்பதற்கு முதல் ரெசிடென்ட் ஈவிலில் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இரு பாத்திரங்களில் கிறிஸ் ஆறு பொருள்களை மட்டுமே சுமக்க முடியும், ஜில் எட்டுப் பொருள்களைச் சுமப்பாள். துப்பாக்கிக்கு ஓரிடம், தோட்டாவுக்கு ஓரிடம், காயத்துக்கான மூலிகைக்கு ஓரிடம் என்று ஒதுக்கிவிட்டால், வழியில் கிடைக்கும் சாவிகளுக்கும் புதிர்களுக்கான பொருள்களுக்கும் கிறிஸிடம் மூன்று இடங்களே மிஞ்சும். ஆட்டத்தைச் சேவ் செய்வதற்குத் தட்டச்சுப் பொறி இருக்கும் அறைக்குப் போக வேண்டும். அதோடு மை நாடாவும் வேண்டும். நாடா எண்ணிக்கையில் குறைவு, அதுவும் ஓரிடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, மூலிகையைப் பொருள்களைச் சேமிக்கும் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்வதா, சாவிக்கு இடமில்லாமல் பாதி வழியில் திரும்பி வருவதா என்ற எளிய கேள்விகூட உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. இவற்றுள் எந்த ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து வேறொரு கேமில் வைத்தாலும் அது தொல்லையாகத்தான் தெரியும். சேர்ந்து நிற்கும்போதுதான் அவை அச்சமாக மாறுகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம், கதை நடக்கும் மாளிகை சிறியது என்பது. ஒரே நடைவழியை நீங்கள் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கே நிற்கும் ஜாம்பியைச் சுட்டு வீழ்த்தினால் தோட்டா போகும்; விட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் அதை ஏமாற்றிக் கடக்க வேண்டும். 2002-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக வந்த மறு உருவாக்கத்தில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கினார்கள். வீழ்த்திய ஜாம்பியின் தலை சிதையாமல் இருந்தால், உடலை எண்ணெய் ஊற்றி எரிக்காதவரை, சிறிது காலம் கழித்து அது முன்னிலும் வேகமாகவும் மூர்க்கமாகவும் எழுந்து வரும். எண்ணெயோ மிகக் குறைவு. அதைச் சுமக்கும் குடுவையும் பையில் ஓரிடத்தை எடுத்துக்கொள்ளும். இதனால், நீங்கள் வென்ற சண்டையும் முடிந்துபோன சண்டையாக இருப்பதில்லை. மாளிகையின் எந்த மூலையில் எந்த உடல் கிடக்கிறது என்ற வரைபடம் உங்கள் மனத்திலேயே உருவாகிவிடும். அந்த வரைபடத்தை எந்த ஓவியராலும் திரையில் வரைந்துவிட முடியாது.

இந்தச் சிந்தனை ரெசிடென்ட் ஈவிலோடு தொடங்கியதும் அல்ல. அதே கேப்காம் நிறுவனம் 1989-இல் நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான ஃபேமிகாமுக்காக வெளியிட்ட ஸ்வீட் ஹோம் என்ற கேமில், ஐந்து பாத்திரங்கள், மிகக் குறைந்த பொருள்கள், இறந்தவர் மீண்டு வராத விதி ஆகிய அனைத்தும் இருந்தன. ரெசிடென்ட் ஈவிலில் அறை மாறும்போது கதவு மெல்லத் திறக்கும் காட்சிகூட அங்கிருந்து வந்ததுதான். வன்பொருள் எவ்வளவு எளியதாக இருந்தாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தட்டுப்பாடு உணரப்பட வேண்டுமே தவிர, ஆடுபவர் உண்மையிலேயே கையில் ஒன்றுமில்லாமல் வழியடைபட்டு நிற்கக் கூடாது. 2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4, ஆடுபவர் எப்படி ஆடுகிறார் என்பதை மறைவாகக் கவனித்து, அவர் தடுமாறும்போது எதிரிகளின் மூர்க்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அவருக்கு அது தெரியவே தெரியாது. மயிரிழையில் தப்பித்ததாகவே நினைப்பார்.

இரவுக்காவல்

கருங்குயில் விளக்கியது சரியானது. ஆனால் அது மட்டுமே போதும் என்பதை நான் ஏற்கவில்லை. தோட்டாக் கணக்கு, கணக்காகவே முடிந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. கொஞ்சம் திறமையுள்ள ஆட்டக்காரர் பாதி ஆட்டத்துக்குள் சிக்கனம் பழகி, பெட்டி நிறையத் தோட்டா சேர்த்துவிடுவார். அதன் பிறகு அவருக்கு அந்த மாளிகை ஒரு பண்டகசாலைதான். நம்மைப் போலவே தேடவும் காத்திருக்கவும் தெரிந்த ஓர் எதிரி இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு நிலைகுலையும்.

நிலவறை, உங்கள் கேமில் தேடி அலையும் உருவம் ஒன்றே ஒன்று என்பதால், 2014-இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி உருவாக்கிய ஏலியன்: ஐசோலேஷனை நீங்கள் ஆழ்ந்து படிக்க வேண்டும். அதில் ஆடுபவரை வேட்டையாடும் ஏலியனை நிரலின் இரண்டு அடுக்குகள் இயக்குகின்றன. மேலடுக்குக்கு ஆடுபவர் இருக்கும் இடம் எப்போதும் தெரியும்; ஆனால் அது அந்த இடத்தை ஏலியனிடம் சொல்லாது, அவ்வப்போது சுற்றுவட்டாரத்தை மட்டும் சுட்டிக்காட்டும். கீழடுக்குதான் ஏலியன். அது தன் கண்ணையும் காதையும் மட்டுமே நம்பித் தேடுகிறது. ஏலியன் நீண்ட நேரம் அருகிலேயே சுற்றி, ஆடுபவர் மீதான அழுத்தம் அளவு மீறிப் போனால், மேலடுக்கு அதைச் சற்றுத் தொலைவுக்கு அனுப்பிவிடும். இதனால்தான் ஏலியன் அருகில் வருவது ஏமாற்று வேலையாகத் தோன்றுவதில்லை. அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் நம்மை அது கண்டுபிடித்துவிட்டால், நாம்தான் சத்தம் போட்டிருப்போம் என்று நம்புகிறோம்.

எதிரியின் நடமாட்டம் முற்றிலும் கணிக்கக்கூடியதாக இருந்தால் அது புதிராகிவிடும். சிறிதும் கணிக்க முடியாததாக இருந்தால் அநியாயமாகிவிடும். விதிகளில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்திருந்து, மிச்சத்தைப் பற்றி நமக்கு உறுதி இல்லாத நிலைதான் வேண்டும். தெரிந்துகொண்டதாக நாம் நினைத்த விதியை நடுவில் ஒருமுறை உடைத்துவிடவும் வேண்டும். 1999-இல் ரெசிடென்ட் ஈவில் 3 இதைத்தான் செய்தது. அதற்கு முன் கதவைத் தாண்டினால் தப்பித்துவிட்டோம் என்று பழகியிருந்தோம். அதில் நம்மைத் துரத்தும் நெமிசிஸ் என்ற அரக்கன் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தான். ஏலியனும் அப்படித்தான்: தீயெறி கருவியைக் கண்டு முதலில் பின்வாங்கும், ஆனால் திரும்பத் திரும்பக் காட்டினால் அதற்கு அந்த அச்சம் குறைந்துகொண்டே போகும். கைவசம் இருக்கும் பாதுகாப்பு மெல்லத் தேய்வதை உணரும்போது ஏற்படும் பதற்றம், எரிபொருள் தீர்ந்துபோவதால் வருவதைவிட மோசமானது.

உங்கள் ஆட்டக்காரர்கள் தழும்புகளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், உருவத்தை அவர்கள் தாராளமாகப் பார்ப்பதுதான். 2019-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 மறு உருவாக்கத்தில், நம்மைத் தேடி அலையும் மிஸ்டர் எக்ஸ் என்ற எதிரியைக் கண்ணால் பார்த்த நேரத்தைவிட, மேல்தளத்தில் அவனுடைய காலடி ஓசையைக் கேட்டபடி எந்தப் பக்கம் போகிறான் என்று ஊகித்துக்கொண்டு நின்ற நேரமே அதிகம்.

வெண்மூட்டம்

காலடி ஓசை பற்றிச் சொன்னதைத் தொடர்கிறேன். ஆடுபவருக்கு எவ்வளவு தகவல் கிடைக்கிறது என்பதை வடிவமைப்பதுதான் இக்கலையின் நுட்பமான பகுதி என்று நினைக்கிறேன். எதையுமே தெரியவிடாமல் மறைத்தால் அச்சம் பெருகும் என்று பலர் எண்ணுகிறார்கள்; என் அனுபவத்தில், அரைகுறையாகத் தெரியவைப்பதுதான் மிகுந்த அச்சத்தைத் தருகிறது.

1999-இல் வந்த சைலன்ட் ஹில்லில், பிளேஸ்டேஷனால் தொலைதூரக் காட்சிகளை வரைந்து தர இயலாத குறையை மூடுபனியாலும் இருளாலும் மறைத்தார்கள். ஆனால் அதோடு நின்றிருந்தால் அது வெறும் மறைப்பாகவே இருந்திருக்கும். பாத்திரத்தின் கையில் ஒரு சிறிய ரேடியோவையும் கொடுத்து, அரக்கர்கள் நெருங்கும்போது அதில் இரைச்சல் எழும்படி செய்தார்கள். ஏதோ ஒன்று அருகில் இருக்கிறது என்பது உறுதி. எந்தத் திசையில், எது என்று மட்டும் தெரியாது. உதவிக்கென்று கொடுத்த கருவியே அச்சத்தின் ஊற்றாகிவிடுகிறது. ஏலியன்: ஐசோலேஷனில் வரும் அசைவு காட்டும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் திரையில் பார்வையை வைத்தால், அதற்கு அப்பால் இருக்கும் இடம் மங்கிவிடுகிறது. தொலைவில் இருப்பதை அறிய வேண்டுமென்றால் எதிரே இருப்பதை இழக்க வேண்டும்.

இரண்டு தேவைகளை எதிரெதிராக இழுக்கவைப்பது என்று இதைச் சொல்லலாம். 2010-இல் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட அம்னீசியா: தி டார்க் டிசென்ட் முழுவதுமே இதன் மேல் நிற்கிறது. ஒளிந்துகொள்ள இருட்டு வேண்டும்; ஆனால் இருட்டில் இருந்தால் நாயகனின் மனநிலை குலையும். அரக்கன் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் அதைப் பார்த்தாலே மனநிலை குலையும். ஆகவே சுவரை நோக்கித் திரும்பி நின்று, காதை மட்டும் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருக்கிறோம். நிலவறை அவர்களே, உங்கள் உருவத்தை உற்றுப் பார்ப்பதற்கு ஒரு விலை வைத்துவிட்டால், தழும்புகளை எண்ணும் பேச்சே எழாது.

இதற்கு நேர் எதிரான திசையில் போய் வென்றது, 2001-இல் டெக்மோ வெளியிட்ட ஃபேட்டல் ஃப்ரேம். அதில் பேய்களை எதிர்கொள்ளும் ஒரே ஆயுதம் ஒரு பழைய கேமரா. பேய் தாக்க வரும் கடைசிக் கணம் வரை காத்திருந்து படமெடுத்தால்தான் பலத்த அடி விழும். ஓடிவிடத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, அதன் முகத்தை நேராகப் பார்த்து நிற்குமாறு அந்தக் கேம் நம்மைப் பணிக்கிறது. பார்ப்பதைத் தடைசெய்வதும் பார்க்குமாறு கட்டாயப்படுத்துவதும் இரண்டுமே வேலை செய்கின்றன. பார்வைக்கு எந்த விலையும் இல்லாமல் விட்டுவிடுவதுதான் வேலை செய்வதில்லை.

நிலவறை

மூவருக்கும் மிக்க நன்றி. பார்வைக்கு விலை வைப்பது என்ற யோசனையை உடனே முயன்று பார்க்கப் போகிறோம். இதன் தொடர்ச்சியாக இன்னொன்றைக் கேட்க வேண்டும். உருவத்தின் நடத்தையைக் கடுமையாக்கும்போதெல்லாம் ஆடுபவர்கள் அடிக்கடி இறக்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இறந்தபின் அவர்கள் முகத்தில் இருப்பது அச்சமல்ல, எரிச்சல். அடிக்கடி சேவ் செய்துகொள்ள வழிவிட்டால் எரிச்சல் குறைகிறது. ஆனால் இறப்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதும் இல்லை. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

பழையசாவி

இந்த முடிச்சு இவ்வகைக் கேம்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாவைப் பற்றிய எதிர்பார்ப்புதான் அச்சம் தருகிறதே தவிர, சாவு அச்சத்தைக் கரைத்துவிடுகிறது. இறந்த மறுகணம், தான் ஆடிக்கொண்டிருப்பது ஒரு கேம் என்பதும் இங்கே உண்மையில் எதுவும் போய்விடாது என்பதும் ஆடுபவருக்கு நினைவுக்கு வந்துவிடுகின்றன. மீண்டும் அதே இடத்துக்கு வரும்போது எதிரி எங்கே நிற்கிறது, எந்த நொடியில் திரும்புகிறது என்று எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆகவே நோக்கம், ஆடுபவரைக் கொல்வதாக இருக்கக் கூடாது. சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய், காயத்தோடும் இழப்போடும் திருப்பி அனுப்புவதாக இருக்க வேண்டும்.

1998-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-இல் காயம்பட்ட பாத்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடக்கும். அது ஒரு சிறிய அசைவுதான். ஆனால் தன் நிலைமையை அறிய ஆடுபவர் எந்த எண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த அறைக்குப் போகும் ஒவ்வொரு அடியும் அதை நினைவூட்டுகிறது. 2008-இல் வந்த டெட் ஸ்பேஸ் இன்னும் ஒரு படி மேலே போய், உயிரின் அளவை நாயகனின் முதுகுத்தண்டில் ஒளிரும் பட்டையாகவே வைத்தது. பையைத் திறந்தாலும் ஆட்டம் நிற்காது. மருந்தைத் தேடும் நேரத்திலும் எதிரி வந்துகொண்டேதான் இருக்கும். ஆடுபவர் மூச்சுவிட்டுக்கொள்ள ஒதுங்கும் இடங்களை இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டால், ஒரு முறைகூட இறக்காதவரும் நடுங்கிக்கொண்டே ஆடுவார்.

அப்படியும் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, வெண்மூட்டம் குறிப்பிட்ட அம்னீசியாவில் ஓர் அழகான விடை இருக்கிறது. இறந்து மீண்டு வரும்போது, பல இடங்களில் அந்த அரக்கன் முன்பிருந்த இடத்தில் இருக்காது. சில வேளைகளில் அடியோடு இல்லாமலும் போயிருக்கும். ஆடுபவருக்கு அது இளகிவிட்டது என்பது தெரியாது. எங்கே போயிற்று என்று தேடித் தேடி, வெறும் நடைவழியில் பதுங்கிப் பதுங்கிப் போவார். எரிச்சலும் இல்லை, அச்சமும் கெடவில்லை.

சேவ் செய்வதைப் பொறுத்தவரை, அடிக்கடி கிடைப்பதா அரிதாகக் கிடைப்பதா என்பதைவிட, அதற்கு என்ன செலவாகிறது என்பதைப் பாருங்கள். ஏலியன்: ஐசோலேஷனில் சேவ் நிலையங்களுக்கு மை நாடா எதுவும் தேவையில்லை. ஆனால் அட்டையைச் செருகிவிட்டுச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அந்த நொடிகளில் ஏலியன் பின்னாலிருந்து வந்து கொன்றுவிடக்கூடும். ஆக, பாதுகாப்பை அடையும் செயலே அந்த ஆட்டத்தின் மிகப் பதற்றமான செயல்களில் ஒன்றாகிவிட்டது.

இருந்தாலும் முழுப் பாதுகாப்பான ஓர் அறையாவது உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கட்டும். மெல்லிய இசை ஒலிக்கும் அந்த அறையில் நின்று மூச்சுவிட்ட பிறகுதான் வெளியே போவது மறுபடியும் கடினமாகிறது. இடைவிடாத அச்சம் மரத்துப்போகும்.

வெண்மூட்டம்

ஒரு சிறு குறிப்பு மட்டும். ஆடுபவர் எப்படி ஆடினார் என்பதையே கதையின் முடிவாக மாற்றிக்காட்டிய கேம், 2001-இல் வந்த சைலன்ட் ஹில் 2. காயத்தைக் கவனிக்காமல் வெகுநேரம் அலைவது, ஒரு பெண் விட்டுச்சென்ற கத்தியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது போன்ற நடத்தைகளை அது ஓசையின்றிக் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றுக்கேற்ற முடிவைத் தருகிறது. உங்கள் நாயகி யார், அங்கே ஏன் வந்தாள் என்பதை வசனத்தில் சொல்வதற்கு முன், ஆடுபவரின் கையசைவுகளிலிருந்தே அதை எடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கருங்குயில்

இரவுக்காவல் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. பிற்பகுதியில் பெட்டி நிறையத் தோட்டா சேர்ந்துவிடுவது ரெசிடென்ட் ஈவில் வரிசையின் நீண்டகாலக் குறை. ஆனால் அதற்கு எதிரியின் அறிவு மட்டுமே மருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் வந்த சிக்னாலிஸைப் பாருங்கள். அதை ரோஸ்-எஞ்சின் என்ற இரண்டு பேர் கொண்ட குழு உருவாக்கியது. இருவராக உழைக்கும் உங்களுக்கு அது ஊக்கமும் தரும். அதில் எதிரிகளிடம் பெரிய அறிவு கிடையாது. வீழ்ந்தவை மீண்டும் எழும், அவற்றை எரிக்கும் தீப்பந்தங்கள் மிகக் குறைவு. வெளிவந்தபோது இருந்த விதிப்படி, சுமக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை தொடக்கம் முதல் இறுதி வரை ஆறுதான். பெட்டியில் எவ்வளவு குவிந்திருந்தாலும் கையில் எடுத்துச் செல்லக்கூடியது அவ்வளவே என்பதால், சேமிப்பு ஒருபோதும் பலமாக மாறுவதில்லை. அப்போது டார்ச் விளக்குக்கும் ஓர் இடம் தர வேண்டியிருந்ததால், இருண்ட பகுதிகளுக்குப் போகும்போது அந்த ஆறும் ஐந்தாகிவிட்டது.

உங்கள் கேம் சில மணி நேரமே நீளும் என்றால், நாயகிக்குக் கடைசிவரை எந்த மேம்பாட்டையும் கொடுக்காதீர்கள். அவள் சுமக்கும் அளவை இரண்டாம் பாதியில் ஓரிடம் குறைத்துப் பாருங்கள்: கையில் கட்டுப்போட நேர்ந்தது என்றோ, ஒரு கனமான பொருளைக் கடைசிவரை தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது என்றோ காரணம் வைக்கலாம். அந்த மாற்றத்தைச் செய்து ஆடிப் பார்க்கும்போது, ஏற்கெனவே பலமுறை ஆடியவர்களைக் கூப்பிடாதீர்கள். இதுவரை ஆடாத ஒருவரிடம் கொடுத்து, ஹெட்போனோடு தனி அறையில் உட்காரவைத்து, அவர் எந்தப் பொருளை எடுத்துவைத்துவிட்டு மறுபடி திரும்பி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.